தங்கையின் காது

நான்கு ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வீடு திரும்பிய அன்று, என் மேசைமேல் ஒரு பெட்டி இருந்தது. அறுபதுகளில் கொடிகட்டிப் பறந்த பாப் ராக் குழு ஒன்றின் இரண்டு இசைத்தட்டுகளை ஒன்றாகச் சேர்த்து மறுபடி வெளியிட்டிருந்தார்கள். நானும் தங்கையும் சின்ன வயதில் தேயத் தேயக் கேட்டவை. ஆசையாகக் கையில் எடுத்தேன். ஒட்டியிருந்த சீட்டில் தங்கையின் பெயர் இருந்தது.

வாரப் பத்திரிகையில் இசைத்தட்டு விமர்சனப் பத்தி என்னுடையது. புறப்படும்போது, "ரெண்டு மாசம் பாத்துக்கோடி" என்று அவளிடம் விட்டுப் போனேன். இப்போது மருந்துக்கடைக்காரர்கூட, "நீங்க அந்த விமர்சனம் எழுதறவங்களோட அக்காவா?" என்கிறார். வயிறு எரியாதா?

அவளுக்கு வேலை காது மருத்துவமனையில். அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிய கூண்டு, சுவரெல்லாம் பஞ்சு. உள்ளே வந்தவரின் காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். தங்கை கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து மெல்லிய ஒலிகளை அனுப்புவாள். கேட்டால் அழுத்த வேண்டும். வயதான ஆண்கள் கேட்காமலே அழுத்துவார்களாம். "இது பரீட்சை இல்லங்க ஐயா, கேக்கலன்னா சும்மா இருங்க" என்று ஒரு நாளில் இருபது தடவை சொல்வாள்.

வீட்டில் ஒவ்வொரு இசைத்தட்டையும் மூன்று முறை கேட்பாள். துணி தேய்த்துக்கொண்டே ஒரு தடவை. கை கட்டி உட்கார்ந்து ஒரு தடவை. அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தடவை.

"கதவைத் தாண்டி வர்றதுதான்க்கா பாட்டு. மத்ததெல்லாம் ஜோடனை."

இந்த ஞானமெல்லாம் எப்போது வந்தது? நான் இருந்தபோது அவளுக்கு கிதார் எது, ஆர்கன் எது என்றே தெரியாது. நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

நேரே பத்திரிகை ஆசிரியரிடம் போனேன்.

"அது என் பத்தி சார்."

"உங்களுதுதாம்மா. ஆனா தங்கச்சியும் நல்லா எழுதறாங்களே!" தலையைச் சொறிந்தார். "ஒண்ணு பண்ணுங்க. அந்தப் பெட்டிக்கு ரெண்டு பேருமே எழுதுங்க. வியாழக்கிழமை ஆறு மணிக்கு அச்சுக்குப் போகணும். எது நல்லாருக்கோ அதைப் போடறேன். பத்தியும் இனிமே அதை எழுதினவங்களுக்கே."

தங்கையிடம் சொன்னேன். "சரிக்கா" என்றாள். அவ்வளவுதான். ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

புதன்கிழமை எழுதி முடித்து, சாப்பாட்டு மேசையிலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். "படிச்சுப் பாரேன்க்கா." முதல் பக்கத்தில் இப்படி இருந்தது: 'முதல் தட்டில் நான்கு பேரும் கைதட்டித் தாளம் போட்டபடி ஒரே ஒலிவாங்கிக்கு முன் முண்டியடிக்கிறார்கள். இரண்டாவதில் வயலின்களும் ஆர்கனும் வந்துவிட்டன. நால்வரும் தள்ளித் தள்ளி நிற்கிறார்கள். கைதட்டல் சத்தம் எங்குமே இல்லை.' அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. ஆயிரம் தடவை கேட்டும் எனக்கு அந்தக் கைதட்டல் காணாமல் போனது உறைத்ததில்லை.

கோபத்தோடு தட்டைப் புது பிளேயரில் போட்டேன். பழையது பரணுக்குப் போய்விட்டிருந்தது. முதல் பாட்டிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாட்டு மெதுவாக இழுத்தது. பாடுபவரின் குரல் தடித்திருந்தது. இரண்டாவது தட்டும் அப்படியே. மறுவெளியீடு செய்தவர்கள் வேகத்தைக் கெடுத்துவிட்டார்கள்! காது காது என்று கொண்டாடுகிறார்களே, அவளுக்கு இது தெரியவில்லை. ஒரே மூச்சில் எழுதி, வியாழன் மதியம் ஆசிரியரிடம் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் அவள் முகம் போகும் போக்கைப் பார்க்க மருத்துவமனைக்கே போனேன்.

"ரெண்டு தட்டும் இழுக்குதுடி. நீ கவனிக்கலயா?"

எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை மூடினாள். "அதையா எழுதிக் குடுத்த?"

"ஆமா. ஏன்?"

"அக்கா, இழுக்கல. நம்ம பழைய பிளேயர்தான் ஓட்டமா ஓடிச்சு. பெல்ட் வழுக்குதுன்னு அப்பா மோட்டார் சக்கரத்துல பிளாஸ்திரியைச் சுத்தி வச்சிருந்தாரு. சக்கரம் பெருத்தா வேகம் கூடத்தானே செய்யும்? போன வருஷம் பிரிச்சுப் பாத்தேன். நாப்பது நிமிஷத் தட்டை முப்பத்தெட்டுலயே கேட்டு வளந்திருக்கோம்."

"அதை நீ ஏன் சொல்லல?"

"ரெண்டாம் பக்கம் முழுக்க அதானே! படிக்கலயா?"

நான் சுவரிலிருந்த காதுப் படத்தைப் பார்த்தேன்.

"அஞ்சுதான் ஆகுது" என்று தன் போனை நீட்டினாள். "உன்னுது அச்சாச்சுன்னா ஊரே சிரிக்கும்."

சிரிக்கட்டும் என்று அவள் விட்டிருக்கலாம். பத்தி அவள் கைக்குத் தானாக வந்திருக்கும். அப்படி விட்டிருந்தால் நானும் நிம்மதியாக அவளைத் திட்டியிருப்பேன்.

"சார், என்னுதைப் போடாதீங்க. அவளோடதைப் போடுங்க."

"அப்ப பத்தி?"

"அதான் சொன்னேனே சார், அவளோடதுன்னு."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் கூண்டின் கதவைத் திறந்து, "வந்ததுதான் வந்த, உக்காரு. சும்மா பாக்கலாம்" என்றாள்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். கதவு மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கை குனிந்து எதையோ திருகினாள். அவளுக்குக் கேட்பதில் ஒன்றுகூட எனக்குத் தப்பக் கூடாது. மூச்சை அடக்கிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன்.

காதுக்குள் அவள் குரல் வந்தது.

"அக்கா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."