அவசரக்குடுக்கையும் கரையாத ரப்பரும்

வீட்டில் அவளுக்கு அவசரக்குடுக்கை என்றுதான் பெயர். பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைத்துவிடுவாள். "ரெண்டு நிமிஷம் பொறுத்தா குடியா முழுகிப்போயிடும்?" என்று அம்மா கத்துவாள்.

அவள் வேலை பார்த்த ஆய்வகத்தில் எல்லாமே காத்திருப்புதான். பாஸ்பரஸும் நைட்ரஜனும் மாறி மாறிக் கைகோத்து வளையமாக நிற்கும் வெள்ளைப் படிகங்களைக் கண்ணாடிக் குழாயில் அடைத்துச் சூடாக்குவார்கள். வளையங்கள் அவிழ்ந்து, நீண்ட சங்கிலிகளாகி, ரப்பராகும். அந்த ரப்பர் கரைந்தால்தான் அதிலிருந்து தீப்பிடிக்காத துணிப்பூச்சு செய்ய முடியும்.

உடன் வேலை பார்த்த அண்ணன் நிதானத்துக்குப் பேர்போனவர். கடைசிப் படிகமும் மாறட்டும் என்று காத்திருப்பார். ஒவ்வொரு முறையும் எதிலும் கரையாத கட்டிதான் மிஞ்சியது.

ஒருநாள் அவர் சாப்பிடப் போன நேரத்தில் அவள் உலையைத் திறந்து, இடுக்கியால் குழாயைச் சாய்த்துப் பார்த்தாள். உள்ளே உருகியது தேன்போல மெல்ல நகர்ந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை, வெளியே எடுத்துவிட்டாள்.

"ஐயோ, பாதிதானேம்மா மாறியிருக்கும்!" என்று திரும்பி வந்தவர் தலையில் கைவைத்தார்.

மறுநாள் பார்த்தால், கரைப்பானில் போட்டுவைத்திருந்த ரப்பர் சுத்தமாகக் கரைந்திருந்தது. அளவுக்கு மீறிச் சுட்டதால்தான் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்குப்பிடித்துக் கட்டியாகியிருக்கின்றன. நகரும்போதே நிறுத்தியிருக்க வேண்டும்.

அடுத்த குழாய் உலைக்குள் போனதும் அண்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "எடுத்துடலாமா? இப்ப எடுத்துடலாமா?"

"ரெண்டு நிமிஷம் பொறுங்கண்ணே," என்றாள் அவள். "குடியா முழுகிப்போயிடும்?"