மல்லாட்டைச் சக்கை உருண்டை

எங்கள் பசு மூன்றாவது கன்று போட்டபோது, ஆலங்காயத்திலிருந்து ஏறும் மலை ரோட்டில், கடைசி வளைவண்டை, நான் டீக்கடை வைத்திருந்தேன். கடை என்றால் நாலு மூங்கில், மேலே புல் கூரை, ஒரே அடுப்பு. அந்த ரோடு போடும்போது ஜல்லி உடைத்தவர்களில் நானும் ஒருத்தன். வேலை முடிந்ததும் மற்றவர்கள் கூலியை வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கு மட்டும் அந்த வளைவை விட்டுப் போக மனசில்லை. பக்கத்திலேயே கோடையிலும் வற்றாத ஊற்று ஒன்று இருந்தது. மதியத்துக்கு மேல் ஏறி வரும் பஸ் அங்கே வரும்போது இஞ்சின் கொதித்துப் புகைவிடும். டிரைவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் ஜனங்கள் இறங்கி டீ குடிப்பார்கள். ஒரு நாளைக்கு அந்த ஒரு பஸ்தான். அது நின்றால் எனக்குக் கடை. நிற்காவிட்டால் நாலு மூங்கில்தான்.

ஒரு மைல் கீழே, ஓடைப் பாலத்தண்டை, புதிதாக ஒருத்தன் கடை போட்டிருந்தான். அவனிடம் எருமை இருந்தது. அங்கேயும் தண்ணீர் உண்டு. எங்கே நிறுத்துவது என்பது டிரைவர் இஷ்டம்.

பசுவைப் பற்றிச் சொல்ல வந்தேன். முதல் இரண்டு கன்றும் பிறந்த வாரத்திலேயே செத்துப்போயின. மூன்றாவதும் மதியம் வரை எழுந்திருக்கவில்லை. நான் வைக்கோலால் அதன் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். காளி கோயில் இருக்கும் திசையைப் பார்த்து என் மனைவி கைகூப்பி நின்றாள். பொழுது சாய்வதற்குள் கன்று நாலு காலில் நின்றது. அதற்கப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள்.

“ஒரு மண்டலம் இது பால்ல ஒரு சொட்டு நாம தொடறதில்லன்னு வேண்டிக்கினேன். எல்லாம் கன்னுக்குத்தான்.”

“கடைக்கி இன்னா பண்றது? வேண்டிக்கிறதுக்கு முன்ன என்ன ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?”

“கன்ன எய்ந்து நிக்க வெக்கச் சொல்லி உங்களயா கேட்டேன்? யார கேக்கணுமோ அவள கேட்டேன்.”

எங்கள் இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. மண்டலத்துக்கு நாள் கணக்காக ஒரு சட்டியில் நாற்பத்தெட்டு புளியங்கொட்டையைப் போட்டு வைத்தாள். தினம் காலையில் ஒன்றை எடுத்து வெளியே எறிவாள். அக்கம்பக்கத்தில் பால் கேட்டுப் பார்த்தேன். மலையில் அப்போது கறவை வைத்திருந்த வீடுகளே கொஞ்சம். அவர்கள் கறப்பது அவர்கள் பிள்ளைகளுக்கே போதாது.

முதல் நாள் பால் இல்லாத டீ போட்டேன். கண்டக்டர் கிளாசைத் தூக்கி வெயிலில் பார்த்தான். அவன் மலைக்குக் கீழே ஒரு கிராமத்துக்காரன், வாய் சும்மா இருக்காது.

“இன்னாண்ணே, உங்க வூட்ல யார்னா பூட்டாங்களா? சாவு வூட்டு டீ மாரி கீது.”

டிரைவர் சிரிக்கவில்லை. “நாளிக்கும் இதான்னா நான் பாலத்தாண்டயே நிறுத்திக்கிறேன். கோச்சிக்காத” என்றார்.

எனக்கு அப்போது ரோடு வேலை ஞாபகம் வந்தது. செங்கம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா எங்களோடு ஜல்லி உடைத்தாள். கையில் சுத்தி இருந்தாலும் இடுப்பில் பிள்ளை இருக்கும். பால்குடி மறந்த பிள்ளை. அதற்குப் பால் வாங்க வழியில்லாமல், மல்லாட்டைப் பயிறை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து காய்ச்சிக் கொடுப்பாள். வெள்ளை வெளேர் என்று இருக்கும். வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். எங்கள் வீட்டில் மூட்டையில் இருந்தது. ஒரு படி ஊறவைத்து, ஆட்டுக்கல்லில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் பிழிந்து, காய்ச்சி டீ போட்டேன்.

இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் டிரைவர் கிளாசை மூக்கண்டை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“மல்லாட்ட வாசன வருதே.”

“பசு மல்லாட்டக் கொடி மேய்ஞ்சிதுங்க” என்று பொய் சொன்னேன்.

“அப்டின்னா உன் எருமுட்டய எரிச்சா வறுத்த கடல வாசன வருமே” என்றான் கண்டக்டர்.

எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் பஸ் பாலத்தில் நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தது. என் கடையைத் தாண்டும்போது டிரைவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். புளியங்கொட்டை இன்னும் நாற்பதுக்கு மேல் கிடந்தது. மண்டலம் முடிவதற்குள் பாலத்தில் நிறுத்துவதே வழக்கமாகிவிடும். வழக்கம் ஆகிவிட்டால் பிறகு என் பசு பாலாறாகப் பொழிந்தாலும் பஸ் திரும்பாது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அன்றைக்குப் பிழிந்த சக்கை சட்டியில் இருந்தது. அதுவரை அதைப் பசுவுக்கு வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பிடி எடுத்து வாயில் போட்டேன். லேசான தித்திப்பு, மெல்ல மெல்ல மல்லாட்டை ருசி. எருமை வைத்திருக்கிறவனோடு டீயில் போட்டி போட்டு நான் ஜெயிக்க முடியாது. அவனிடம் இல்லாதது இதுதான் என்று தோன்றியது.

வடை போடலாமே என்பீர்கள். எண்ணெய் வேண்டும், இன்னொரு அடுப்பு வேண்டும், அதற்கு விறகு வேண்டும். விறகுக்காகக் காட்டில் கை வைத்தால் பாரஸ்ட் கார்டு வந்து நிற்பார். இருந்த ஒரே அடுப்பில் டீத்தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். அதனால் அடுப்பில் ஏற்றாமல் செய்கிற பண்டமாக இருக்க வேண்டும்.

முதல் தடவை ஈரச் சக்கையில் வெல்லத்தைப் போட்டுப் பிசைந்து உருட்டினேன். உச்சிப்பொழுதுக்குள் புளித்து நூல் விட்டது. என் மனைவி அதைக் கொண்டுபோய்ப் பசுவுக்கு வைத்தாள்.

“மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கிச்சி. டிரைவரு பரவால்ல, ரெண்டு நாளு குடிச்சாரு” என்றாள்.

நான் விடவில்லை. அடுத்த தடவை, விடிந்ததும் அடுப்பு சும்மா இருக்கிற நேரத்தில் மல்லாட்டையை லேசாக வறுத்து, தோலைப் புடைத்து, பிறகு ஊறவைத்தேன். வறுத்ததால் பச்சை வாசனை போனது. அரைத்துப் பிழிந்த சக்கையைத் துணியோடு கல்லுக்கு அடியில் வைத்து மிச்சத் தண்ணீரையும் இறக்கினேன். முறத்தில் பரப்பி வெயிலில் காட்டினேன். மண்ணாங்கட்டி மாதிரி இருந்தது மணல் மாதிரி உதிர்ந்தது. அதில் இரண்டு பிடிக்கு ஒரு பிடி வறுத்த சாமை மாவு, நசுக்கிய வெல்லம், தட்டிய சுக்கு, ஒரு சிட்டிகை உப்பு. தண்ணீர் விடக்கூடாது. உரலில் போட்டு நாலு குத்துக் குத்தினால் சக்கையில் இருக்கிற எண்ணெயும் வெல்லத்தின் பிசுக்குமே மாவைச் சேர்த்துப் பிடிக்கும். எலுமிச்சம்பழம் அளவுக்கு இறுக்கிப் பிடித்தேன். ஒன்றைக் கீழே போட்டுப் பார்த்தேன், உடையவில்லை. பொழுது போகிற வரை வைத்துப் பார்த்தேன், கெடவில்லை.

ஆனால் பஸ் நின்றால்தானே விற்க முடியும்?

அந்த வளைவில் பஸ் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும். ஆள் நடந்தே கூட வரலாம். மறுநாள் முறத்தை ஒரு கையில் ஏந்திக்கொண்டு ஜன்னல் ஓரமாகவே நடந்தேன். உள்ளே புளி விற்கக் காலையில் ஆலங்காயம் இறங்கிப்போன பெண்கள், வெறும் கூடையோடு, பசித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கையை நீட்டினாள். அதற்குள் கண்டக்டர் தலையை வெளியே விட்டு, “பிண்ணாக்கு, பிண்ணாக்கு. மாடுங்கள்லாம் கைய நீட்டு” என்றான்.

நீட்டிய கை உள்ளே போய்விட்டது. எங்கள் பக்கம் ஒருத்தனைப் பார்த்துப் பிண்ணாக்குத் தின்னச் சொன்னால் அது சண்டை. நான் முறத்தோடு ரோட்டில் நின்றேன். பஸ் போய்விட்டது.

அதற்கு அடுத்த நாள் மாட்டுக்கு வைத்திருந்த நிஜமான பிண்ணாக்கில் ஒரு துண்டை மடியில் கட்டிக்கொண்டேன். பஸ் வளைவில் திரும்பியதும் கண்டக்டர் ஜன்னலுக்குப் பக்கத்தில் நடந்தேன்.

“தம்பி, ஒரு டிக்கெட்டு குடு.”

“வண்டியிலயே ஏறாம டிக்கெட்டா?”

“பழசு போதும்.”

வேடிக்கைக்காகக் கீழே கிடந்ததைப் பொறுக்கிக் கொடுத்தான். ஒரு பாதியில் பிண்ணாக்கை வைத்து அழுத்தினேன். தூள்தான் உதிர்ந்தது. மறுபாதியில் உருண்டையை வைத்து அழுத்தி அவனிடம் நீட்டினேன். ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது.

“வெயில்ல புடிச்சிப் பாரு. செக்குல ஆட்டி எண்ணெய எடுத்த பின்னால மிஞ்சறது பிண்ணாக்கு. இதுல எண்ணெ கீது. நான் புழிஞ்சது பாலுதான்.”

டிக்கெட்டின் ஒரு பாதியில் எண்ணெய் பரவி, வெளிச்சம் உள்ளே புகுந்து வந்தது. அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்னால் இருந்த புளிக்காரம்மா எட்டி அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

“டிக்கெட்டுக்கு வவுறு நெறஞ்சிபோச்சி, எனுக்கு நெறயல. இங்க ரெண்டு குடுண்ணா” என்றாள். ஒன்றைக் கடித்தாள். மென்றுகொண்டே, “வூட்டுக்கு நாலு குடு” என்றாள்.

அதற்குள் ஏற்றம் முடிந்து பஸ் வேகம் எடுத்தது. என்னால் கூட ஓட முடியவில்லை. ஜன்னல்களில் நாலைந்து கைகள் நீண்டபடி போயின. யாரோ பஸ்ஸின் தகரத்தைத் தட்டினார்கள். அப்புறம் எல்லாருமே தட்டினார்கள். கடையைத் தாண்டி நாற்பது ஐம்பது அடியில் பஸ் நின்றது. டிரைவர் இறங்கி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“வண்டிய நிறுத்திட்ட இல்ல? இன்னா பாத்துக்கினு நிக்கற, தண்ணி கொண்டா.”

அன்று முறம் காலி. மறுநாளிலிருந்து கடையண்டையே நிறுத்தினார். மல்லாட்டைப் பால் டீ வேண்டாம் என்று பால் இல்லாத டீயைக் குடித்துவிட்டு, அவரும் இரண்டு உருண்டை தின்றார். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னதே இல்லை.

மண்டலம் முடிந்தது. என் மனைவி கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வந்து, கன்றுக்கு விட்டது போக ஒரு செம்பு பால் கறந்து கொடுத்தாள். நான் சந்தோஷமாக நல்ல பால் டீ போட்டேன். இனிமேல் எதற்கு என்று மல்லாட்டையை ஊறப்போடவில்லை. டிரைவர் டீயைக் குடித்தார். கிளாசை வைத்தார். முறத்தைத் தேடினார்.

“உருண்ட எங்க?”

“அதான் பாலு வந்துடுச்சிங்களே.”

“பாலு பாலத்தாண்டயும் கீது” என்று சொல்லிவிட்டுப் போய் வண்டியில் ஏறினார்.

மறுநாள் காலையில் ஒரு படிக்கு ஒன்றரைப் படியாக வறுத்து ஊறப்போட்டேன். சக்கைக்காகவே அரைத்தேன், சக்கைக்காகவே பிழிந்தேன். குண்டான் நிறைய மல்லாட்டைப் பால் நின்றது. இதை என்ன செய்யப் போகிறீர்கள் என்று என் மனைவி கேட்டாள். காய்ச்சி அவளுக்கு ஒரு கிளாஸ் கொடுத்தேன். முழுசும் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“டிரைவரு சொன்னது நெசந்தான்” என்றாள். “வாசன வருது. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.”