வெட்டக் கூடாத பச்சை

சதீஷ் ஊரைவிட்டுப் போனது எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு மறுநாள், திங்கட்கிழமை. கம்பம்மெட்டிலிருந்து கீழே இறங்கிய ஜீப்பில் நானும் இருந்தேன். ஊர் ஊராக அலையும் வேலை ஒன்றுக்காக நானும் அன்றுதான் புறப்பட்டேன். அவன் பையை மடியில் வைத்து, மலையைத் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான்.

“இனிமே நான் குடிச்சாலும் ஜெபம், குடிக்காட்டாலும் ஜெபம். இந்த ஊர்ல எப்படி இருக்கச் சொல்லுத?” என்றான்.

முந்தின நாள் ஆராதனையில் அவன் அம்மா சாந்தம்மாள் ஜெபக் குறிப்பு சொல்லியிருந்தாள். மனதில் பாரம் உள்ளவர்கள் எழுந்து சொன்னால் எல்லோரும் ஜெபிப்பது எங்கள் சபை வழக்கம். மகன் குடிப்பதை, அதனால் வேலை போனதை, நிச்சயித்த பெண் வீட்டுக்கு இன்னும் தெரியாததை மைக்கில் சொல்லி அழுதாள். “ஆண்டவர் கவாத்து எடுக்காரு. எம்புள்ள துளுப்பான்” என்று முடித்தாள். பெண்ணின் மாமா இரண்டாம் வரிசையில் இருந்தார். சாயங்காலமே சம்பந்தம் முறிந்தது.

சாந்தம்மாள் இருபத்தாறு வருடமாக ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்பவள். காய் பறித்து முடித்ததும் தூரில் காய்ந்துபோன தண்டுகளை அறுத்தெடுப்பதுதான் கவாத்து. பச்சைத் தண்டைத் தொடக் கூடாது. அடுத்த காய்ச்சரம் அதன் அடியிலிருந்துதான் வரும். அவள் கத்தி ஒருநாளும் தவறியதில்லை. மகன் போன அன்று ஒரு தூரைப் பச்சைத் தண்டோடு சேர்த்து மொட்டையாக வெட்டிவிட்டாளாம்.

நாலு வருடம் கழித்து நான் திரும்பியபோது எங்கள் பக்கத்து வீட்டில் அவள் தனியாக இருந்தாள். சதீஷிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. உயிரோடு இருக்கிறானா என்று தெரிந்தால் போதும் என்றாள். நானும் சில நாள் அவளோடு தோட்டத்துக்குப் போனேன். அந்தத் தூர் இருந்த இடத்தைக் காட்டினாள்.

“மறுபடி துளுத்திருக்குமே அத்தை?”

“துளுக்கல. அந்த மழையிலயே அழுகிட்டு. வெட்டுனது நானு பிள்ள. பழிய ஆண்டவர் மேல போட்டேன்.”

பக்கத்து நிரையில் களை பிடுங்கிக்கொண்டிருந்த ராமலட்சுமி சும்மா இருக்கவில்லை. “எங்க மாரியாத்தாளுக்குக் காதுல சொன்னாப் போதும்க்கா. ஒங்க ஆளுக்கு மைக்கு வேணும்.”

சாந்தம்மாள் கோபப்படவில்லை. “அவருக்குக் கேக்கும்டீ. நாலு பேரு கேக்கணும்னு எனக்குத்தான் இருந்துச்சு.”

அழுகிய இடத்தில் அந்த வருடம்தான் வேறொரு தூரிலிருந்து பிரித்த கன்றை வைத்திருந்தாள். அதில் இரண்டே தண்டு. ஒவ்வொரு ஞாயிறும் போதகர் கேட்பார்: “சாந்தம்மா, ஜெபக் குறிப்பு உண்டா?”

“இல்லைங்கய்யா.”

சபை முழுவதும் அவளைத் திரும்பிப் பார்க்கும். அவள் முக்காட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்துகொள்வாள். முன்பெல்லாம் விடியற்காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் ஜெபிப்பது எங்கள் வீடு வரை கேட்கும். இப்போது முழங்கால் தரையில் படும் சத்தம் மட்டும்தான்.

நட்ட மூன்றாம் வருடம் கன்று இரண்டு காய்ச்சரம் விட்டது. அவள் அதை ஆண்டவர் செய்த நன்மையென்று சபையில் எழுந்து சாட்சி சொல்லவில்லை.

சதீஷ் போய் ஏழு வருடம் கழித்து, இந்த ஜூன் மழையில், என் போனுக்குத் தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தது. தோட்டத்துக்கு ஓடிப் போய், குடைக்குள் நின்று அவளுக்கு வாசித்துக் காட்டினேன்:

“அம்மாட்ட சொல்லு. உயிரோட இருக்கேன். குடிய விட்டுட்டேனான்னு கேக்க வேண்டாம். எனக்காக ஜெபிக்கட்டும். வாய்க்குள்ள.”