ஃபேமிலி ரூமில் டிக்கெட் செல்லாது

போன வாரம் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. வேளச்சேரியில் ஏதோ ஓர் உணவகம், புதன்கிழமைகளில் ஆண் துணையில்லாமல் தனியாக வரும் பெண்களுக்குப் பாதி விலையாம். மகள் "வாம்மா, போலாம்"னு உற்சாகமாகக் கூப்பிட்டாள். எனக்கு வந்ததோ எரிச்சல். தனியாக வந்தால் சலுகையா! இதை ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அனுப்பியிருக்கக் கூடாதா?

மகளுக்குப் புரியவில்லை. உங்களுக்காவது சொல்கிறேன், கேளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தி.நகரில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். தங்கியது மயிலாப்பூரில், பெண்கள் விடுதியில். அறைத்தோழி செண்பகம் கோவில்பட்டிக்காரி. என் ஆபீஸிலேயே வேலை. விடுதிச் சாம்பாரைப் பற்றிப் பேச வேண்டாம், இப்போதும் வாய் கசக்கிறது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை கிடையாது, சமையல்காரம்மாவுக்கு விடுமுறை. நாங்கள் பன்னும் வாழைப்பழமுமாக ஒப்பேற்றுவோம்.

அந்தக் காலத்தில் ஓட்டல்களில் சாப்பாட்டு டிக்கெட் உண்டு. மொத்தமாக ஒரு புத்தகம் வாங்கினால் விலை குறைவு. போகிற அன்று ஒன்றைக் கிழித்துக் கொடுத்தால் போதும். பாண்டி பஜார் பக்கத்து ஓட்டல் ஒன்றிலிருந்து ஒருவர் ஆபீஸுக்கே வந்து விற்றார். லேடீஸும் தாராளமா வரலாம்மா என்று பல்லெல்லாம் தெரியச் சொன்னார். ஆளுக்கொன்று வாங்கினோம். செண்பகம் தன் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். தன் சம்பளத்தில் அவளுக்கென்று அவள் வாங்கிய முதல் பொருள் அதுதான். நான் கேலி செய்தேன், அவள் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி கிளம்பினோம். ஓட்டல் வாசலிலேயே ரசத்தின் வாசனை. பெருங்காயமும் கொத்தமல்லியும் சேர்ந்து வயிற்றைக் கிள்ளியது. ஹாலில் இடம் பார்த்து உட்கார்ந்தோம். இலை போட்டுத் தண்ணீரும் தெளித்தாயிற்று. கல்லாவிலிருந்து மேனேஜர் எழுந்து வந்தார்.

ஹாலில் லேடீஸ் உட்காரக் கூடாதாம், மற்றவர்களுக்குக் கூச்சமாக இருக்குமாம். சரி, திரை போட்ட ஃபேமிலி ரூமுக்குப் போகிறோம் என்றேன். அங்கே டிக்கெட் செல்லாதாம். சரி, காசே கொடுக்கிறோம் என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"கூட ஆம்பளைங்க யாரும் வரலியாம்மா? தனியா வர்ற லேடீஸை அங்க விடறதில்ல."

ஆக ஹாலிலும் கிடையாது, உள்ளேயும் கிடையாது. பிறகு எங்களுக்கு எதற்கய்யா விற்றீர்கள் என்று கேட்டேன். என் குரல் பெரிய குரல். ஹாலில் இருந்த அத்தனை ஆண்களும் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பிறகு மறுபடி இலைக்குக் குனிந்துகொண்டார்கள்.

கை கழுவிவிட்டு வந்த ஒருவர் மட்டும் நின்றார். எங்கள் ஆபீஸ் கணக்குப் பிரிவு சார், நல்ல மனுஷர்தான். "நம்ம வீட்டுப் பொண்ணுங்கதான்யா, உள்ள விடு" என்றார். அவ்வளவுதான், மேனேஜர் முகமெல்லாம் சிரிப்பு. திரையை விலக்கினார். செல்லாத டிக்கெட்டும் அந்த நிமிஷமே செல்லுபடியாயிற்று! எனக்கு அந்தத் திரையைப் பிய்த்து எறிய வேண்டும்போல இருந்தது.

செண்பகம் என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, கோவத்த அப்புறம் படலாம். எனக்குப் பசிக்கி."

உள்ளே போனோம். சார் மரியாதைக்கு ஒரு காப்பி வாங்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தார். செண்பகம் இரண்டு தரம் ரசம் வாங்கிச் சாப்பிட்டாள். முடித்துவிட்டு மூன்று பேருமாகத் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

அதை ஹாலிலிருந்து ஒருவன் பார்த்திருக்கிறான். செண்பகத்தின் மாமா தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். இவன் அவர் கடைப் பையன். இரண்டு நாள் கழித்து மாமா விடுதிக்கு வந்து நின்றார். எவன்கூட திரைக்குப் பின்னால் உட்கார்ந்து தின்றாய் என்று, வரவேற்பறையில் எல்லோர் முன்னாலும் கேட்டார். நானும் கூட இருந்தேன் என்று சொன்னேன். என்னை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

செண்பகம் அழவில்லை. "தனியா உக்காந்து திங்க விடலியே மாமா. நான் என்ன செய்ய?" என்றாள்.

அன்றைக்கே அவளை ஊருக்கு ரயில் ஏற்றிவிட்டார்கள். அடுத்த தையில் கல்யாணம். என்னை இழுத்துப்போக ஆள் இல்லை, அப்பா செத்துப் போயிருந்தார், அம்மாவுக்கு என் சம்பளம் வேண்டும். நான் பிழைத்தது அதனால்தான். சாரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேனேஜரை யார் கேட்கப் போகிறார்கள்?

அந்த ஓட்டல் இப்போது இல்லை, இடித்து நகைக்கடை கட்டிவிட்டார்கள். ஃபேமிலி ரூமும் டிக்கெட் புத்தகமும்கூடப் போயாயிற்று. என் வயதுக்காரர்கள் கூடினால் அந்த ரசத்துக்கு ஈடுண்டா என்று உருகுகிறார்கள். நான் எழுந்து போய்விடுகிறேன். ஓட்டல் ஒழிந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். செண்பகம் அதற்கப்புறம் வேலை என்று எங்கும் போகவே இல்லை. தான் சம்பாதித்த காசில் ஒருவேளைச் சோறு சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள், அவ்வளவுதான் அவள் செய்தது.