நடக்கும்போது பேச வேண்டும்

என் கணவருக்கு பைபாஸ் ஆபரேஷன் முடிந்த ஆறாவது வாரம், கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி வகுப்புக்கு வரச் சொன்னார்கள். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பக்கம் யாரும் கேள்விப்படாத வைத்தியம் அது. வாரம் இரண்டு நாள் அன்னூரிலிருந்து பஸ் ஏறிப் போவோம். நீளமான கூடம் ஒன்றில் நோயாளிகள் இரண்டிரண்டு பேராக நடக்க வேண்டும். நடந்துகொண்டே பேசவும் வேண்டும். மூச்சு வாங்காமல் ஒரு வாக்கியத்தை முடிக்க முடிந்தால் வேகம் சரி. பாதியில் நின்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

பேசுவதா, இவரா? மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் என்னிடம் பேசியதையெல்லாம் ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். "சோறு போடு", "மோட்டார் போட்டாச்சா", "வாரேன்", அவ்வளவுதான்.

அவருக்கு ஜோடியாக அமைந்தவர் போத்தனூரிலிருந்து வந்த ரிட்டையர் ஆன டீச்சர். வால்வு ஆபரேஷன் ஆனவர், அறுபது வயது இருக்கும். முதல் நாளே இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோர பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கூடத்தின் அந்தக் கோடியில் திரும்பும்போது இவர் சிரிப்பது கேட்டது. எனக்கு வயிறு எரிந்தது. அறுபது வயது அம்மாவைப் பார்த்தா பொறாமை என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். அந்த அம்மாவின் வெள்ளை கேன்வாஸ் ஷூவைக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

மற்ற நாட்களில் ஊரிலேயே நடக்க வேண்டும், பேச்சுத் துணைக்கு ஒருவர் கூடப் போக வேண்டும் என்று ஒரு அட்டை கொடுத்தார்கள். எத்தனை நிமிடம், பேச முடிந்ததா, மூச்சு வாங்கியதா என்று அதில் கட்டங்கள். எங்கள் பக்கம் புருஷன் முன்னால் போவார், பெண்டாட்டி நாலடி பின்னால் போவாள். அப்படித்தான் தோட்டத்துத் தடத்தில் மேடு ஏறி இறங்கி நடந்தோம். அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார், நானும் கேட்கமாட்டேன். வீட்டுக்கு வந்து, பேச முடிந்தது, மூச்சு வாங்கவில்லை என்று எழுதிவைப்பேன். என் புருஷன் என்னிடம் பேசுவதில்லை என்று ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்க எனக்கென்ன தலையெழுத்தா?

அட்டையைப் பார்த்து, பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு சந்தோஷம். அடுத்த வாரம் வேகத்தைக் கூட்டலாம் என்றாள். அதைக் கேட்டதும் டீச்சர் நடையை நிறுத்திவிட்டு நேராக என் பெஞ்சுக்கு வந்தார்.

"ஏனுங்கம்மணி, உங்க ஊட்டுக்காரருக்கு மேடு ஏறறப்ப நெஞ்சைப் புடிக்குதாமுங்க. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு சொல்லிப்போட்டாரு. எனக்கு மனசு கேக்கலீங்க."

பயிற்சிப் பெண் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இதுல ஒண்ணுமில்லைன்னு எழுதியிருக்கீங்களேக்கா?"

"அவரு எங்கூடப் பேசறதே இல்லீங்க. நானா எழுதிப்போட்டேன்" என்றேன். கூடமே நின்று பார்த்தது. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டர் வந்து பரிசோதித்து மாத்திரையை மாற்றினார். இனி மேடு கூடாது, சமதரையில் மெதுவாக நடந்தால் போதும் என்றார். வேகத்தைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. டீச்சரின் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். உண்மையாகத்தான் சொன்னேன். ஆனால் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. பயத்தைச் சொல்ல அவருக்கு ஒரு ஆள் இருந்திருக்கிறது, அது நான் இல்லை.

மறுநாள் மேட்டை விட்டுவிட்டு, தடத்தின் சமதரையில் மட்டும் நடந்தோம். அந்த நாலடியையும் தாண்டி, அவர் பக்கத்தில் போய் நடந்தேன். எதிரே வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

"பேசுங்க" என்றேன்.

"என்னத்தப் பேச?"

"டீச்சர்கிட்டப் பேசறீங்கல்ல, அந்த மாதிரி பேசுங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். டீச்சர் வீட்டு மாமரம், டீச்சர் மகனின் ரயில்வே வேலை, டீச்சருக்கு ஆபரேஷன் அன்று வந்த பயம். வீடு திரும்பும்வரை டீச்சர்தான். ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அட்டையை எடுத்தேன். பேச முடிந்ததா என்ற கட்டத்தில், முடிந்தது என்று முதல் தடவையாக உண்மையை எழுதினேன். யாரைப் பற்றிப் பேசினார் என்று எழுத அதில் கட்டம் இல்லை.