ஒப்புதல் கிடைக்காத ஒரு வரி

நந்தனத்தில், நோயாளிகளுக்கு மருந்து ஏற்றும் கருவிக்கு மென்பொருள் எழுதும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். அங்கே எங்கள் நிரல்களைச் சரிபார்த்து ஒப்புதல் தருபவர் ஒரு பெண்மணி. கிராப்பு வெட்டிய நரைத்த தலை, தாழ்ந்த குரல். சந்தேகம் வந்தால் யாரையும் கேட்க மாட்டார். அந்த நிரல்மொழியின் அதிகாரபூர்வமான தரநிலை ஆவணத்தைத் திறந்து, வாய்க்குள் முணுமுணுத்தபடி வாசிப்பார்.

கருவி வெளியாக வேண்டிய நாளில் நிரலின் ஒரு வரிக்கு அவர் ஒப்புதல் தரவில்லை. மேலாளர் பொறுமை இழந்தார்.

"எல்லா மெஷின்லயும் கரெக்டா ஓடுது மேடம். அப்புறம் இன்னா?"

"இன்னிக்கு ஓடுது சார். இப்படி எழுதினா என்ன நடக்கும்னு உறுதி சொல்ல முடியாதுன்னு ஸ்டாண்டர்ட்ல போட்டிருக்கு. நாளைக்கு இதை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தித் தர்ற கம்பைலர் மாறினா டோஸும் மாறலாம். மருந்து ஏறுறது ஒரு மனுஷன் உடம்புல."

அந்த வரியை மாற்றி எழுதினோம். கருவி முன்பு போலவேதான் ஓடியது. வெளியீடு தள்ளிப்போன கோபத்தில் அவரை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

அவர் கிளம்பும்போது கேட்டேன்: "அப்படியே விட்டிருந்தாலும் ஒண்ணும் ஆகாம இருந்திருக்கலாம், இல்லையா மேடம்?"

"இருந்திருக்கலாம்" என்றார், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "அது தெரியாமலே போகட்டும்."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது வருத்தமா, நிம்மதியா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.