இரண்டு பேர் வீட்டுக்கு ஒரு மொத்தக் கடை கார்டு

இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு மொத்தக் கடை கார்டு எதற்கு என்று நான் கேட்டதை என் கணவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வருடச் சந்தா கட்டினால்தான் உள்ளே விடும் அந்தப் பிரம்மாண்டமான கடை இரண்டாயிரத்துப் பதினொன்றில் சிட்னியில் திறந்ததும், முதல் ஆளாகப் போய் நின்று கார்டோடு வந்தார். தயிர் வாளியில் வந்தது. மீன் டின் பெட்டியோடு வந்தது. வாங்கியதில் பாதியை வாராவாரம் குப்பையில் கொட்டினேன். கொட்டும்போதெல்லாம் அவர் காதில் விழும்படி புலம்பினேன்.

சிட்னியின் புறநகரான வென்ட்வேர்த்வில்லில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்பக்கம் ஒரு காரேஜ். அதில் பாதியைப் பலகை அடித்துத் தடுத்து, வீட்டுக்காரர் ஓர் அறையாக்கியிருந்தார். படகில் வந்த ஈழத்துக்காரர் ஒருவர் அங்கே தனியாக இருந்தார். நாற்பது வயதிருக்கும். ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் அலமாரி அடுக்கும் வேலை. அகதி வழக்கு தோற்று, வேலை செய்யவும் கூடாது என்று ஆனதும், மெல்போர்னில் தெரிந்தவர்களிடம் போகிறேன் என்றார். நாங்களே காரில் கொண்டுபோய் ரயிலேற்றிவிட்டு வந்தோம். காரேஜுக்குள் திறக்கும் அந்த அறையின் கதவு அதன்பின் பூட்டியே கிடந்தது. காரேஜின் மறுபாதியில் ஒரு பழைய ஃபிரிட்ஜும் இரும்பு அலமாரியும் போட்டு, மொத்தக் கடைச் சாமான்களை நிரப்பினோம்.

சில வாரங்கள் கழித்துத்தான் கவனித்தேன், எதுவும் கெட்டுப்போகவில்லை. ரொட்டி பூஞ்சை பிடிக்கும் முன்பே தீர்ந்தது. கணவர் மார்தட்டிக்கொண்டார். எனக்குத் தெரியாமல் அவர் மொக்குகிறார் என்று நான் நினைத்தேன். நான் தோழிகளுக்கு வாரிக் கொடுக்கிறேன் என்று அவர் நினைத்தார். கிண்டலாகத் தொடங்கியது, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருவரும் பேசாமல் இருக்கும் அளவுக்குப் போனது.

அன்றுதான் காரேஜில் நின்று நிதானமாகப் பார்த்தேன். நான் சாமானைக் கைக்கு வந்தபடி திணிப்பவள். அவர் என்னைவிட மோசம். ஆனால் ஃபிரிட்ஜில் பழைய தேதிப் பால் முன்னாலும் புதியது பின்னாலும் இருந்தது. அலமாரியில் டின்கள் எல்லாம் பெயர் ஒட்டிய பக்கம் வெளியே தெரியும்படி திரும்பி நின்றன. காலி அட்டைப்பெட்டிகளை யாரோ தட்டையாக மடித்துச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். இப்படி அடுக்குகிற ஒரே ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். அவரை நாங்கள் ரயிலேற்றி அனுப்பியிருந்தோம்.

மறுநாள் லீவு போட்டேன். கணவர் வேலைக்குப் போனதும், பட்டப்பகலில் காரேஜுக்குள் போய் நின்றேன். ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. அது ஓய்ந்ததும், பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சுவிடுவது கேட்டது. நான் அசையவில்லை. அந்த மூச்சும் நின்றது. யாரு என்று கேட்டேன். பலகைக்குப் பின்னாலிருந்து தணிந்த குரல் வந்தது.

"நான்தான் தங்கச்சி. பயப்படாதேங்கோ. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

நான் வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.

மாலையில் கணவரிடம் சொன்னேன். எங்களுடைய நிரந்தர விசா அப்போது பரிசீலனையில் இருந்தது. ஒளிந்திருப்பவருக்கு இடம் கொடுத்தோம் என்று தெரிந்தால் எங்கள் கதையும் முடிந்தது என்று பயந்தோம். அவரைப் பிடித்துக் கொடுக்கவும் மனம் வரவில்லை.

"விசா வர்ற வரைக்கும் நாம எதையும் பாக்கலை," என்றார் கணவர்.

அப்படியே பார்க்காமல் இருந்தோம். சமைக்காமல் சாப்பிடக்கூடியதாகத் தேடி வாங்கினோம். வருடம் முடிந்ததும் கார்டைப் புதுப்பிக்கச் சொன்னவள் நான்தான். சாமான் வைக்கப் போகும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு போவேன். பலகைக்கு அந்தப் பக்கம் எல்லாம் அடங்கிவிடும். மூன்று பேர் இருக்கிறோம் என்று தெரிந்தும் மேசையில் இரண்டு தட்டுதான் வைத்தோம்.

விசா வந்த அன்று எனக்கு முதலில் காரேஜில் இருந்தவர் நினைப்புதான் வந்தது. மீன் குழம்பு வைத்து, அவரை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைப்பது என்று முடிவு செய்தோம். காரேஜுக்குப் போனேன். ஃபிரிட்ஜில் பால் நான் திணித்த கோலத்திலேயே இருந்தது. பின்னால் கைவிட்டு எடுத்ததில் தேதி முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

அறைக் கதவு தள்ளியதும் திறந்துகொண்டது. உள்ளே சுத்தமாகப் பெருக்கியிருந்தது. ஒரு துணி இல்லை, ஒரு காகிதம் இல்லை. பிடித்துக்கொண்டு போனார்களா, தானாகப் போனாரா, இன்றுவரை தெரியாது. குறைந்தது மூன்று வாரமாக நான் தொண்டையைச் செருமியது வெறும் அறைக்கு.

எட்டு மாதம் எங்கள் சாப்பாட்டைத்தான் அவர் சாப்பிட்டார். வழியில் எதிர்ப்படுகிற எவரிடமும் நாம் முதலில் கேட்பது சாப்பாடு ஆச்சா என்றுதான். அந்தப் பலகைக்கு முன்னால் நின்று, சாப்பிட்டீங்களா அண்ணா என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.